ஜாக்கிகளின் மேல் நின்ற வாடகைப் போர்ஷன்

கள ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு கொஞ்ச நேரம் பேசும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். அளவெடுப்பதையும் வரைபடம் பார்ப்பதையும் நீங்கள் பயிற்சியில் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அவற்றைச் சொல்லியும் பயனில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று இந்த மேற்குப் பக்கத்தையே சுற்றிச் சுற்றி வந்து ஓய்வு பெற்றவள் நான். நுழையாத சந்து இல்லை. இத்தனை வீடுகளில் அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், வேலைக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். வீடு வைத்திருப்பவர்களுக்கு வாடகை வேண்டும். கார் நிறுத்த என்று அனுமதி வாங்கிய கீழ்த்தளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, ஒரு கதவை வைத்து, போர்ஷன் என்று விட்டுவிடுவார்கள். அனுமதி இருக்காது. ஜன்னல் இருக்காது. அதை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் தெருவுக்கு வருவது வீட்டுக்காரர் அல்ல, உள்ளே குடியிருப்பவர்.

இதற்கு ஒரு வழி காணத்தான் சோதனை முயற்சியாக ஒரு மானியத் திட்டம் வந்தது. அப்படிப்பட்ட போர்ஷனை மனிதர் வாழத் தகுந்த இடமாக மாற்றினால் செலவில் ஒரு பங்கை அரசு கொடுக்கும், அனுமதியும் கொடுக்கும். ஆனால் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது. வேலை முடிந்ததும் அதே குடும்பம் திரும்பி வர வேண்டும். இந்த நிபந்தனையைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கிவிட்டார்கள். காட்டுப்பாக்கத்தில் ஒருவர், "போர்ஷனா? இது வெறும் குடோன் மேடம், யாரும் குடியில்ல" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தபோது பூட்டிய கதவுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

அயனம்பாக்கத்து வீட்டுக்காரி பெயர் சுந்தரி. எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். கணவர் இறந்துவிட்டார், மாடியில் தனியாக இருந்தார். கீழே பாஷா பாயும் அவர் மனைவி மும்தாஜும் இரண்டு பெண் பிள்ளைகளோடு குடியிருந்தார்கள். பாஷா பூந்தமல்லிக்காரர். கார், ஆட்டோ சீட்டுகளுக்கு ரெக்ஸின் உறை தைப்பது அவர் தொழில். தெருமுனையில் சின்னக் கடை, தைப்பது வீட்டில்.

நான் முதல் முறை போனபோது ஆபீஸ் ஆள் என்றதும் சுந்தரி கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"வாடகைக்குலாம் உடல மேடம். கீழ கீறது என் தங்கச்சி."

பின்னால் தலையில் துப்பட்டாவோடு மும்தாஜ் நின்றிருந்தார். அக்கா சொன்னது சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"தங்கச்சின்னா மானியம் கிடையாதும்மா. வாடகைக்கு இருக்கிறவங்களுக்காகத்தான் இந்தத் திட்டமே" என்றேன்.

சுந்தரி ஒரு கணம் யோசித்தார். "அப்போ தங்கச்சி இல்ல மேடம்."

மும்தாஜ் முதலில் சிரித்தார். பிறகு மூன்று பேரும் சிரித்தோம். அதன் பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள்.

உள்ளே போனதும் சிரிப்பு போய்விட்டது. தெருவில் தார் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே வந்திருந்தது. வீடு பள்ளத்தில் கிடந்தது. வாசலிலிருந்து கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்க வேண்டியிருந்தது. சுவரில் இடுப்பளவுக்கு மழைநீர் நின்ற கறை. சமையல் மேடையின் மேல் இன்னொரு மேடை கட்டி, அதன் மேல் அரிசி டப்பாவையும் பிள்ளைகளின் புத்தகப் பைகளையும் வைத்திருந்தார்கள்.

நான் அளந்து பார்த்தேன். தரையை மண் கொட்டி உயர்த்தினால் உத்தரம் தலையில் இடிக்கும். உயர்த்தாவிட்டால் தண்ணீர் உள்ளே வரும். இரண்டில் எதற்கும் நான் கையெழுத்துப் போட முடியாது என்று உள்ளதைச் சொன்னேன்.

"அப்போ இன்னாதான் பண்றது?" என்றார் சுந்தரி.

"மறுபடியும் கார் நிறுத்துற இடமா மாத்திடலாம். செலவே இல்ல. அபராதமும் வராம நான் பார்த்துக்கறேன்."

மும்தாஜ் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பு.

"வேற வழி இல்லியா?"

"இருக்கு. வீட்டையே மொத்தமா மேல தூக்கணும்."

யாரும் செய்யமாட்டார்கள் என்ற எண்ணத்தில்தான் அதைச் சொன்னேன். சுந்தரி வெளியே போய்த் தெருவில் நின்று, தன் வீட்டை அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை பார்த்தார்.

சில நாட்கள் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். "தூக்கிடலாம் மேடம். கம்பெனில லோன் கேட்டுக்கீறேன்."

மானியம் ஒரு பங்குக்குத்தான் வரும், மீதியை அவர்தான் போட வேண்டும் என்பதை விளக்கினேன். பாஷா குடும்பத்தை அனுப்பிவிட்டால் ஒரு ரூபாய் செலவில்லையே என்றும் கேட்டேன். கேட்க வேண்டியது என் கடமை என்று நினைத்தேன்.

"மேடம், இப்போ நான் படுத்துக்கினு கீறேனே மாடி, அது எப்டி வந்துச்சு? முதல்ல கீழ பாதில நாங்க, பாதில அவுங்க. அவுங்க குடுத்த வாடகையிலதான் மாடி ஏறிச்சு. என் ஊட்டுக்காரர் செத்தப்போ சொந்தக்காரன்லாம் காரியத்துக்கு வந்தான், போயிட்டான். அப்பால எவ்ளோ நாளைக்கு கீழேர்ந்துதான் எனக்கு சோறு வந்துச்சு. பாய் பொண்ணு தட்டத் தூக்கிகினு படியேறி வரும். இப்போ நான் காரு நிறுத்தணும்னு அவுங்கள போகச் சொல்றதா? என்னாண்ட காரே இல்லியே மேடம்."

நான் அவருடைய கோப்பில் கையெழுத்துப் போட்டேன்.

வீடு தூக்குவதை நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். நேரில் பார்ப்பது வேறு. சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லைப் பெயர்த்து இரும்புச் சட்டத்தைச் செருகுவார்கள். சட்டத்துக்குக் கீழே லாரிக்கு வைப்பதுபோன்ற ஜாக்கிகளை நெருக்கமாக நிறுத்துவார்கள். சுற்றிலும் இப்படி முடிந்ததும் வீட்டுக்கும் அஸ்திவாரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். பிறகு எல்லா ஜாக்கிகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திருக வேண்டும். வேலையை எடுத்தவர் ஏழுமலை என்ற மேஸ்திரி. வீடு ஜாக்கியில் இருக்கும்வரை யாரும் உள்ளே தூங்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னதால், சுந்தரியும் பாஷா குடும்பமும் எதிர்வீட்டில் காலியாக இருந்த ஒரே போர்ஷனில் ஒன்றாகத் தங்கினார்கள். பாஷாவின் தையல் மெஷின் அந்த வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது.

முதல் நாள் தூக்கும்போது நானும் போயிருந்தேன். வீட்டைச் சுற்றி ஆட்கள் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலை தெரு நடுவில் நின்று, "ஏய்... சுத்து!" என்று குரல் கொடுத்தார். ஜாக்கிகளைத் திருகும் கம்பிகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. ஒன்றுமே நடக்காதது போலிருந்தது. மறுபடியும் குரல். மறுபடியும் திருகல். காய்கறி வண்டிக்காரர் கூவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எங்கேயோ மரம் முறிவதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"பாருங்க மேடம், கீழ பாருங்க" என்றார் ஏழுமலை.

குனிந்து பார்த்தேன். சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிந்தது. மதியம் தாண்டியதும் அந்த இடைவெளி அகலமாகி, அதன் வழியே மறுபக்கத்தில் ஏரித் தண்ணீர் பளபளப்பதைப் பார்த்தேன். இரண்டு தளம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, உள்ளே சுந்தரியின் கட்டில், பீரோ, சாமி படம், எல்லாம் சேர்ந்து அந்த வெளிச்சத்தின் மேல் நின்றுகொண்டிருந்தன. என் படிப்பில் எடையும் தாங்குதிறனும் கணக்காக வந்தவைதான். ஆனாலும் அங்கே குனிந்திருந்தபோது எனக்கு மூச்சு விடத் தயக்கமாக இருந்தது. நான் மூச்சு விட்டால் எதுவோ ஆகிவிடும் என்பதுபோல.

அலுவலகத்தில் மானியத்தின் முதல் தவணை தாமதமானதால் வேலை மழைக்காலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பாதி உயரம் தூக்கி முடித்திருந்த நேரம், மழை முந்திக்கொண்டு வந்தது. காலையிலிருந்தே கொட்டியது. மதியத்துக்கு முன் ஏழுமலையிடமிருந்து போன்.

"மேடம், ரோட்டுத் தண்ணி உள்ள பூந்துகினு கீது. ஏரிப் பக்கத்து மூல எறங்குது."

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். வீட்டுக்கு அடியில் இருந்த பள்ளத்துக்குள் அது அருவிபோல விழுந்துகொண்டிருந்தது. ஏரிப் பக்கத்து மூலையில் ஜாக்கிகள் நின்ற மண் குழைந்து, அங்கே மட்டும் வீடு லேசாகத் தாழ்ந்திருந்தது. வெளிச்சுவரில், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். ஏழுமலை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கையில் செங்கல்லோடு உள்ளே நுழையத் தயாராக நின்றார். பின்னால் அவருடைய ஆட்கள்.

"யாரும் உள்ள போகக் கூடாது" என்றேன்.

"இன்னா மேடம் பேசறீங்க! இப்போ உள்ள போயி கல்லு வெச்சா நிக்கும். உட்டுட்டா ஊடு போச்சு!"

"நீங்க உள்ள இருக்கும்போது இறங்கினா?"

"அது எங்க பாடு. தொழிலு அப்டி."

நான் பள்ளத்தின் விளிம்பில் போய் அவருக்கு எதிரில் நின்றேன். தள்ளிவிட்டுப் போயிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அப்போது சுந்தரி தண்ணீரில் நடந்து வந்தார். வாடகை சேர்த்துக் கட்டிய வீடு, கடன் வாங்கித் தூக்கிய வீடு. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏழுமலையின் கையிலிருந்த செங்கல்லை வாங்கிக் கீழே வைத்தார்.

"அண்ணே, மேடம் சொல்றதக் கேளு. ஊடு போனா போவுது. உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

அவ்வளவுதான் சொன்னார். ஏழுமலை அவரைப் பார்த்தார். பிறகு ஆட்களைப் பின்வாங்கச் சொன்னார்.

விஷயம் எப்படியோ எட்டி, அந்த நேரம் பார்த்து என் அதிகாரியின் போன் வந்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "வேலை ஆபத்தான நிலையில் நிறுத்தப்பட்டது, மானியம் ரத்து செய்யப் பரிந்துரைக்கப்படுகிறதுன்னு உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு நீங்க கிளம்புங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம பேர் இருக்கக் கூடாது" என்றார்.

நீங்களும் ஒருநாள் இந்தப் போனை எடுப்பீர்கள். அதனால் என் மனதில் என்ன ஓடியது என்று சொல்கிறேன். ஆட்களை உள்ளே விடாமல் தடுத்தது அவர்கள் உயிரைக் காக்க. அந்தக் காகிதம் காக்கப்போவது எங்கள் இரண்டு பேரின் வேலையை மட்டும். அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், இரண்டுக்கும் பாதுகாப்பு என்றுதான் பெயர்.

"ஆளையெல்லாம் தள்ளி நிக்க வெச்சுட்டேன் சார். எழுதுறத நாளைக்குப் பார்த்து எழுதறேன். இப்போ இங்கதான் இருப்பேன்" என்றேன். போனைப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு அடியில் போகக் கூடாது, சரி. தண்ணீர் வருவதோ சாலையிலிருந்து. சாலையில் நின்று அதைத் தடுக்க யாருக்கும் ஆபத்தில்லை. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் ஏழுமலையின் ஆட்கள் மணலைச் சாக்குகளில் அள்ள ஆரம்பித்திருந்தார்கள். வீட்டின் முன்னால் மூட்டைகளை அடுக்கினோம். ஆனால் மூட்டைகளுக்கு நடுவே தண்ணீர் கசிந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

பாஷா பாய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கடைக்கு ஓடினார். தோளில் ரெக்ஸின் சுருள்களோடு திரும்பி வந்தார். வாடிக்கையாளர்களுக்கு வெட்ட வைத்திருந்த முழுச் சுருள்கள், சிவப்பும் கறுப்பும். மின்சாரம் போய்விட்டிருந்தது. நல்ல வேளை, அவருடையது காலால் மிதிக்கும் மெஷின். எதிர்வீட்டு வாசலில் அவர் மிதிக்க, மும்தாஜ் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துத் தள்ள, மறுமுனையில் ஒரே நீளமாகத் தைத்த ரெக்ஸின் இறங்கி வந்துகொண்டிருந்தது. அதைத் தெருவில் இருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி வாங்கி மணல் மூட்டைகளின் மேல் போர்த்தினார்கள். ஆவடி ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சாப்பாட்டுப் பையை மதில்மேல் வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்தார்கள். காற்று ரெக்ஸினைத் தூக்கியபோது பெண்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். யாரோ ஒருவர் தன் வீட்டு டீசல் மோட்டாரைக் கொண்டுவந்து பள்ளத்துத் தண்ணீரை ஏரிப் பக்கம் இறைத்தார்.

யாரும் யாரையும் ஏவவில்லை. அனுமதியில்லாத ஒரு போர்ஷனை, அதுவும் வேறு யாரோ வாடகைக்கு இருக்கும் இடத்தை, ஒரு தெருவே முதுகால் தாங்கிக்கொண்டிருந்தது. நான் வேலையை மறந்து நின்றேன். பிறகுதான் சுதாரித்துக்கொண்டு விரிசலிடம் போனேன்.

வெளியே நின்றபடி கை நீட்டி அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கோட்டைத் தாண்டி விரிசல் வளர்ந்தால் வீடு இன்னும் இறங்குகிறது என்று பொருள். கொஞ்ச நேரத்தில் தாண்டியது. இன்னொரு கோடு. அதையும் தாண்டியது. சுந்தரி என் பக்கத்தில் வந்து நின்று, நான் கோடு போடுவதையே பார்த்தார். மூன்றாவது கோட்டைத் தாண்டாமல் விரிசல் நின்றது. நாங்கள் இருவரும் அதையே பார்த்தபடி நின்றிருந்தோம். மழை குறைந்தது. பள்ளத்தில் தண்ணீர் வற்றி மண் தெரிந்தது. விரிசல் நகரவே இல்லை.

ஏழுமலை நீளமான கம்பியால் வெளியிலிருந்தே மண்ணைக் குத்திப் பார்த்தார். "மேல்மண்ணுதான் ஊறிகீது மேடம். அடில கெட்டியா கீது. தகடு போட்டு கல்லு வெச்சா தாங்கும். இப்போ போவட்டா?"

அன்றைக்கு நான் சொன்ன சொற்களிலேயே கனமானது அதுதான். "போங்க."

அவரும் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை தெருவே அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மும்தாஜின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. மூன்று பேரும் சேறு பூசிய முகத்தோடு ஊர்ந்து வெளியே வந்தபோது ஏழுமலையின் பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. சிரிக்கிறார் என்று அதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் அந்த மூலையை மட்டும் திருகி மேலே எடுத்தார்கள். நான் விரிசலின் முன்னால் நின்றிருந்தேன். "ஏய்... சுத்து!" ஒவ்வொரு குரலுக்கும் அந்தப் பிளவு குறுகியது. விரல் நகம் நுழைந்த இடத்தில் காகிதம் மட்டும் நுழைந்தது, பிறகு அதுவும் நுழையவில்லை. கடைசியில் என் பென்சில் கோடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய முடியைப்போல ஏதோ இருந்தது, அவ்வளவுதான். புண் ஆறுவதைக் கண்ணெதிரே பார்ப்பதுபோல இருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, குளிர்ச்சியாக, வெறும் சுவராக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூறலில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். என் அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "ரெக்ஸினையா தைச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். மானியம் ரத்தாகவில்லை. பிறகு அவரே ஒருநாள் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

வேலை முடிந்தது. அஸ்திவாரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே புதுச் சுவர் எழும்பியது. ஏரிப் பக்கம் பெரிய ஜன்னல் ஒன்று, தனிக் கழிவறை, சாலையைவிட உயரமான தரை. சட்டப்படி அது ஒரு வீடு ஆனது. பாஷா குடும்பம் உள்ளே போனது. நான் வேறு வேலைகளில் மூழ்கிவிட்டேன்.

அந்தப் பருவத்தின் பெரிய மழை அதன் பிறகுதான் வந்தது. இரவெல்லாம் இடியும் காற்றும். எனக்குத் தூக்கமே வரவில்லை. புதுச் சுவர் இறுகியிருக்குமா, அந்த மூலை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருவில் தண்ணீர் நின்றிருந்தது. கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. பலமாகத் தட்டினேன். உள்ளே சத்தமே இல்லை. "பாய்! மும்தாஜ்!" என்று கத்தினேன். மாடியிலிருந்து சுந்தரி எட்டிப் பார்த்தார். அவர் முகத்திலும் கலவரம்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மும்தாஜ் கதவைத் திறந்தார். தலை கலைந்து, கன்னத்தில் பாய்க்கோடு பதிந்து, கண்ணைத் திறக்க முடியாமல் நின்றார். அவருக்குப் பின்னால் தரையில், சொட்டு ஈரமில்லாத தரையில், பாயை விரித்துப் பாஷாவும் பிள்ளைகளும் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மும்தாஜ் என்னையும், என் குடையையும், எனக்குப் பின்னால் தண்ணீர் நின்ற தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம்..." என்றார். "ராத்திரி மழ பேஞ்சுதா?"